கண் சாயத்தொட்டி அல்ல

கண் மருத்துவமனையின் நடைக்கூடத்தில் என் மகன் கார்த்தி சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். இடது கண்ணின் மேல் ஈரத் துணி. சட்டையின் முன்பக்கம் சல்லடைபோல் ஓட்டை விழுந்திருந்தது. துணியை அப்படி அரித்த ஒன்று கண்ணுக்குள்ளும் போயிருக்கிறது என்பதை என் மனம் ஏற்க மறுத்தது.

அவனுக்கு வேலம்பாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை. சாயமிட்டபின் வெளியேறும் காரத் தண்ணீரைச் சமன்படுத்த அங்கே கந்தக அமிலம் (சல்ஃப்யூரிக் ஆசிட்) சேர்ப்பார்கள். எண்ணெய்போல் கனமாக இருக்கும். கேனிலிருந்து பக்கெட்டுக்கு ஊற்றும்போது தெறித்துவிட்டது. வியர்வையில் மங்குகிறதென்று பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தான்.

மருத்துவர் ஒரு சிறு தாளைக் கண்ணோரம் வைத்து எடுத்தார் (அமிலமா காரமா என்று காட்டும் தாள்).

"ஆசிட்னு சொன்னீங்க தம்பி. இது காரம் காட்டுதே. எதுல கழுவினீங்க?"

"சோடா ஆஷ் கரைச்ச தண்ணீங்க சார். ஆசிட் அதிகமாயிட்டா பட்டறைல அதைத்தானுங்க போடுவோம்."

"கண்ணு என்ன உங்க சாயத்தொட்டியா?"

கார்த்தி சிரிக்கப் பார்த்தான். என்னால் முடியவில்லை.

அமிலமும் சோடா ஆஷ் என்கிற அந்தச் சலவைச் சோடாவும் சேர்ந்தால் சூடு கிளம்பும். மிஞ்சிய காரம் கண்ணைத் தன் பங்குக்கு அரிக்கும். பச்சைத் தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றியிருந்தால் போதும் என்றார் மருத்துவர். அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் இருந்தது.

கார்னியாவில் (கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலம்) வெண்மை படர்ந்துவிட்டது. அதன்மேல் ஆம்னியான் சவ்வை (பிரசவத்தின்போது எடுத்துப் பதப்படுத்தும் பனிக்குடச் சவ்வு) வைத்துத் தைத்தார்கள். யாரோ ஒரு தாய் கொடுத்தது. அவளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இந்த வேலைக்குப் போகலாம். ஆசிட் கேனை இறுக மூடி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சலவைச் சோடா, காஸ்டிக் சோடா, ப்ளீச்சிங் பவுடர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை விட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும். பிறகு உடனே மருத்துவமனை.

பார்வை திரும்புமா என்று கேட்டால், "பார்க்கலாம்மா" என்கிறார் மருத்துவர். எங்கள் பொழுது ஒரு சொட்டு மருந்திலிருந்து அடுத்த சொட்டுக்கு நகர்கிறது. தெருவில் ஆள் ஏற்ற வரும் கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் அவன் உடம்பு எழப் பார்த்துவிட்டு அடங்குகிறது.

காலையில் மருந்து விடுமுன் அவனுடைய நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தி, மற்றக் கையின் விரல்களைக் காட்டுவேன். "வெளிச்சம் மட்டுந்தானுங்கம்மா" என்பான்.

நேற்றும் பொத்தினேன். இமை என் உள்ளங்கைக்குள் துடித்தது.

"ரெண்டு விரலுங்கம்மா" என்றான்.

என் மற்றக் கை இன்னும் மடியில்தான் இருந்தது. இரண்டு விரல்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஆமா சாமி" என்றேன்.