நாலு சில்லு வீடு

வேனுக்குள் டைல்ஸ் பதித்த மனிதரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டிருக்கிறேன். அவரோடுதான் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறேன்.

என் கணவர் ஜுனைட் ஒரு மேசன். பிறந்தது சாய்ந்தமருது, வாழ்வது மருதமுனையில் என் வீட்டில். எங்கள் கரையில் வழக்கம் அதுதான். வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஜுனைட் வருவதற்கு முன்பே தன் தங்கச்சி றஸ்னாவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அதைச் சுனாமி கொண்டுபோனது. கடலை விட்டுத் தள்ளி இரண்டாம் தரமும் கட்டினார். இப்போது எங்கள் மூத்த மகள் றிஸ்லாவுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறார். அது முடிந்தால் சின்னவள் நஜ்லாவுக்கு. கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை எங்கு போனாலும் கையை நீட்டி, "இது நான் கட்டின ஊடு, அந்தப் பச்ச மதிலும் நான் கட்டினதுதான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவற்றில் ஒன்றின் உறுதிப் பத்திரத்திலும் அவர் பெயர் கிடையாது.

பெயர் இருப்பது நாலு சில்லில் ஓடும் ஒரு பழைய டொல்பின் வேனில் மட்டும். அதில்தான் சீமெந்தும் வேலையாட்களும் ஏறுவார்கள். பொத்துவில் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது, வெள்ளைக்காரக் குடும்பமொன்று வேனுக்குள்ளேயே சமைத்துத் தூங்குவதைக் கண்டுவிட்டு வந்தார். அன்றோடு எனக்குப் பிடித்தது சனி. பின்சீற்றுகளைக் கழற்றி எங்கள் வளவில் அடுக்கினார். கட்டில் அடித்தார், அது சரி. தரைக்கு டைல்ஸ் பதித்தார். குசினி என்று சொல்லிக் கொங்கிரீட்டில் ஒரு மேடை வார்த்து, அதன் மேலேயும் டைல்ஸ். காற்றுப் போகக் கூரையை வெட்டி ஒரு ஜன்னலும் வைத்தார்.

"ஓடுற வாகனத்துக்கு எதுக்கு இவ்வளவு பாரம்?" என்று கேட்டேன்.

ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "இது வாகனமில்ல புள்ள, என்ட ஊடு. ஆகஸ்ட் லீவுல மலநாட்டுப் பக்கம் போவம். ஒரு ராத்திரியாவது நீங்க மூணு பேரும் இதுக்குள்ள படுக்கோணும். அதுக்குப் பொறகு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுச் சீமெந்து ஏத்துறன்."

ஒரு ராத்திரிதானே என்று நானும் தலையை ஆட்டினேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். லீவில் வீட்டில் கிடந்து நல்லாகத் தூங்கியிருக்கலாம். விதி யாரை விட்டது?

நாங்கள் புறப்பட்ட அன்று மாவடிப்பள்ளி வயல்களில் சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. தெருவின் பாதியை நெல் காயப்போட்டுப் பிடித்திருந்தார்கள். வெயில் அப்படி ஒரு வெயில். ரெயின்கோட் எடுத்து வைத்த என்னைப் பார்த்துப் பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். அவர்களின் வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை எல்லாம் தாண்டி வெல்லவாய போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை. பின்னேரம் அங்கே ஒரு ஆற்றங்கரையில் வேனை நிறுத்தினார். பிள்ளைகள் ஆற்றில் இறங்கி ஆசை தீரக் குளித்தார்கள். நான் குசினி மேடையில் சோறு வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த ஒரு மணித்தியாலம் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

சோறு வெந்து இறக்கவில்லை, அக்கரையிலிருந்து ஒரு ஆள் சிங்களத்தில் சத்தம் போட்டார். மலையில் மழையாம், ஆறு ஏறப்போகிறதாம், உடனே மேலே போகட்டாம். எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லை. ஜுனைட் நம்ப மாட்டேன் என்று நின்றார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல மாறி, நஜ்லாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போனது. பிறகுதான் வேனை எடுத்தார். தெருவில் ஏறியதும் இடியும் மழையும் ஒன்றாக எங்களைப் பிடித்தன. கூரை ஜன்னல் அப்போதுதான் தன் குணத்தைக் காட்டியது. மெத்தை, தலையணை, சோற்றுப்பானை எல்லாவற்றுக்கும் மழை. கடைசியில் பெற்றோல் அடிக்கிற ஒரு எண்ணெய்ச் செட்டில் ஒதுங்கினோம். அங்கிருந்த மனிதர் இரக்கப்பட்டு அலுவலக அறையைத் திறந்துவிட்டார். நானும் பிள்ளைகளும் கதிரைகளில் உட்கார்ந்தபடியே விடிய வைத்தோம். ஜுனைட் மட்டும் வேனுக்குள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் எல்ல ஏற்றம். வேன் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கொங்கிரீட்டும் டைல்ஸும் சும்மா கிடக்குமா?

"இறங்கி நடங்க, பாரம் குறஞ்சா ஏறும்," என்றார்.

"உங்கட குசினிய இறக்கி வைங்க, நாங்க ஏன் இறங்கோணும்?" என்றாள் றிஸ்லா. அவள் என் மகள்.

ஆனாலும் இறங்கினோம். தூறலில், பின்னால் வருகிற பஸ்காரன்களின் ஹோர்ன் சத்தத்தில், வேனுக்குப் பின்னால் மையித்து அடக்கப் போகிற ஊர்வலம்போல நடந்தோம். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிற சனத்துக்கு நான் முந்தானையால் முகத்தை மறைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்காக நின்று, ஏற்றி, பிறகு மறுபடியும் இறக்கினார். வெயில் அடிக்கும், ரெயின்கோட்டைக் கழற்றுவோம். கழற்றிய கையோடு மழை வரும். அந்த மலைக்கு எங்களோடு ஏதோ கோபம்.

அன்றிரவு தங்குவதற்கு அவர் நினைத்திருந்த இடம் பண்டாரவளைக்கு வெளியே ஒரு புல்வெளி. ஆனால் என் பெரியம்மாவின் மகள் கைருன்னிஸா ராத்தா அந்த ஊரில்தான் இருக்கிறா. அவவின் கணவருக்கு அங்கே துணிக்கடை. மழையில் நனைந்த பிள்ளைகளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க இறங்கிய இடத்தில் ராத்தாவே எதிரில் வந்துவிட்டா.

"என்ட அல்லாஹ்! இந்தக் குளிருக்க வேனுக்குள்ளயா படுக்கப் போறீங்க? ஊருச் சனம் கேட்டா என்னய என்னெண்டு நினைக்கும்? வாங்க ஊட்ட!"

அவ அழைத்தால் அது அழைப்பு அல்ல, கைது. பிள்ளைகள் இருவரும் அடுத்த நிமிடம் அவவின் பின்னால். சுடுதண்ணீர்க் குளிப்பு, கோழிக்கறி, காய்ந்த கம்பளி. நானும் போனேன். ஏன் போகக் கூடாது? இரண்டு நாளாக இடுப்பு நிமிரவில்லை. ஜுனைட் மட்டும் சாப்பிட்டுவிட்டு, "வேனப் பாக்க ஆள் வேணும்" என்று முற்றத்தில் நின்ற வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் தேத்தண்ணி கொண்டுபோனபோது குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பையை வாங்கவில்லை.

"உன்ட ஊட்டுல இருவது வருஷத்துக்கு மேல இரிக்கன்," என்றார். "ஒரு நாள் வேணாம் எண்டு சொன்னனா? என்ட ஊட்டுல ஒரு ராத்திரி இரிக்க உங்கள்ல ஒருத்தருக்கும் ஏலாமப் போச்சு."

"மழ பெஞ்சா நான் என்ன செய்யிற?"

"மழையையா சொல்றன்?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கோப்பையை அந்த டைல்ஸ் மேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதுதான் கோபம். மறுநாள் திரும்பியாக வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது, அவருக்கும் நிந்தவூரில் கூரை வேலை காத்திருந்தது. மிச்சம் ஒரே ஒரு ராத்திரி. அதையும் விட்டால் இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லியே என்னைக் கொல்வார் என்று நினைத்தேன். சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன்.

அப்புத்தளைக்குப் போனோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஒதுக்குப்புறம், கீழே பள்ளத்தாக்கு. தோட்டத்துக் கங்காணியிடம் கேட்டு வேனை நிறுத்தினார். பகல் முழுக்க வெயில், தென்றல் மாதிரிக் காற்று. மெத்தைகளைத் தேயிலைச் செடிகளின் மேல் காயப்போட்டோம். நஜ்லா சரிவில் ஓடி விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தாள். ஜுனைட் கூரை ஜன்னலைச் சுற்றி மூன்றாம் தரமும் சிலிக்கன் பூசினார். பூசிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்கூட. அஸர் தொழுகை முடிந்ததும் றிஸ்லா மெத்தைகளை உள்ளே விரித்தாள்.

பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பின்னாலேயே மழை. காற்று வேனைப் பிடித்து ஆட்டியது. அடுப்பு பற்றவில்லை, மூன்று நெருப்புப் பெட்டி வீணாயின; வாங்கி வைத்த பாண் ரொட்டிதான் மிச்சம். சரியாக என் தலையணைக்கு மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கணக்கில்லை.

"பாணத் தின்னுட்டுப் படுங்க, ஒரு சட்டிய வச்சாச் சரி," என்றார்.

நான் பொறுமைசாலி அல்ல. மூன்று நாளின் நனைவும் குளிரும் ஊர்வலமும் ஒன்றாக வாய்க்கு வந்தது. "ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் ஊடு கட்டுறீங்க, இந்தத் தகரப் பெட்டிய ஒழுகாமக் கட்டத் தெரியல்ல. இதுவும் ஒரு ஊடெண்டு எங்களக் கொண்டுவந்து வதைக்கிறீங்க!"

அவர் தலையணையை எடுத்தார், சாரனை எடுத்துத் தோளில் போட்டார், கதவை இழுத்துத் திறந்து மழைக்குள் இறங்கிப் போனார். கதவையும் மூடிவிட்டுத்தான் போனார்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் எப்போதும் நடப்பது இதுதான். வீடு என்னுடையது, ஆகவே போவது அவர். தலையணையும் சாரனும் எடுத்துக்கொண்டு றஸ்னா வீட்டுக்குப் போவார், இரண்டு நாள் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி வருவார். இங்கே றஸ்னா எங்கே இருக்கிறாள்? தேயிலையும் பனியும்தான் இருந்தன.

"உம்மா," என்றாள் நஜ்லா, "வாப்பா ஏன் வெளிய போனாரு? இது வாப்பாட வேன்தானே?"

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு சவுக்கு மரத்துக்குக் கீழே, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். ஆயிரம் சுவர் எழுப்பிய மனிதர். எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமும் வந்தது. தன் சொந்த வீட்டிலிருந்து இறங்கிப் போகிறவனும் ஒரு மனிதனா?

ரெயின்கோட்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனேன்.

"உள்ள போங்க," என்றேன்.

"விசரா உனக்கு? நனையாத, போய் ஏறு."

"நான் ஏற மாட்டன். அது உங்கட ஊடு. அங்க சண்ட புடிச்சா நான்தான் வெளிய நிக்கோணும். நீங்க போங்க."

என்னைப் பார்த்தபடியே நின்றார். தாடியிலிருந்து தண்ணீர் ஓடியது. பிறகு தலையணையோடு நடந்துபோய் வேனில் ஏறினார். ஏறிய உடனே என்னையும் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டார்.

நான் அந்தச் சவுக்கு மரத்துக்குக் கீழே நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு சண்டைக்கும் நான் வாசல் தாண்டியதில்லை. பல் அடித்தது, செருப்புக்குள் சேறு புகுந்தது. உள்ளே வெளிச்சம், பிள்ளைகளின் குரல். கண்ணாடிக்குப் பின்னால் அவர் மெத்தையை இழுத்துப் போடுவதும், சொட்டுக்குக் கீழே சோற்றுப்பானையை வைப்பதும் நிழலாகத் தெரிந்தது. ஒரு அவசரமும் இல்லை அவருக்கு. வெளியே நிற்கிற ஆளுக்கு வீடு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. போய்க் கதவில் தட்டினேன்.

"ஆரு?" என்றார் உள்ளேயிருந்து.

"ஆரெண்டா கேக்கிறீங்க? தொறங்க! விறைச்சுச் சாகிறன்!"

கதவு ஒரு சாண் திறந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"மூணு நாளா ஏறி இறங்குறீங்க, ஒரு ஆள் இதுக்குள்ள சலாம் சொல்லி ஏறினதில்ல," என்றார். "ஊடெண்டா சலாம் சொல்லித்தான் வாற."

மழை என் பிடரியில் கொட்டியது. திட்டுவதற்கு வாய் வந்தது. அவர் கதவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்று அவர் விலகி நின்று வழிவிட்டார்.