ஐந்தாவது தோழர்

பிறக்காத ஒரு நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதிய தலைவருக்கு, கனடாவின் ஸ்காபரோவில் சீட் பெல்ட் மாட்டிவிடுவது நான்தான். கண் டொக்டரிடம் கூட்டிப்போவதும் நான்தான். கடவுள் இல்லை என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவரை வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் இறக்கிவிடுவதும் நான்தான்.

காரில் ஏறினால் அவருக்குப் பழைய கதை வந்துவிடும். "இயக்கத்தின்ர முதல் கூட்டம் உங்கட வீட்டிலதான் தங்கச்சி. நாங்கள் அஞ்சு பேர்." அந்த ஐந்தாவது ஆள் என் அண்ணன். பிறகு அதே இயக்கம்தான் அவனைத் துரோகி என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனது. உடம்பு கூட வரவில்லை. அம்மாவைத் துரோகியின் தாய் என்றார்கள். அந்தப் பட்டத்தோடுதான் அவ போய்ச் சேர்ந்தா.

ஒருநாள் அஜின்கோர்ட் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது தலைவர் தானாகச் சொன்னார்: "அவன் ஆரையும் காட்டிக்குடுக்கேல்லை. எனக்கு அப்பவே தெரியும்."

அப்பவே தெரியுமாம்! ஆனால் அண்ணனின் பெயரில் இருக்கும் கறையைத் துடைக்க, அந்த முதல் கூட்டத்து ஆட்களில் உயிரோடு இருப்பது இவர் ஒருவர்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்: "அப்ப இதை எல்லாருக்கும் முன்னால சொல்லுவியளோ அண்ணை?"

"ஓம், என்ர பிறந்தநாள் விழாவில சொல்லுறன். தோழர் எண்டு பேர் சொல்லியே சொல்லுவன்."

எங்கள் இயக்கத்தில் தோழர் என்பது சும்மா வாய்க்கு வரும் சொல் அல்ல. துரோகி என்று ஒருவனைத் தீர்த்த பிறகு அந்தச் சொல்லை அவன் பெயருக்கு முன்னால் யாரும் வைக்க மாட்டார்கள். அதை அவர் திருப்பித் தந்தால் போதும் என்று இருந்தேன். தலைவரின் வேட்டியை நானே அயர்ன் பண்ணினேன். என் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். "மாமான்ர நேம் கிளியர் ஆகுது அம்மா, ஐ ஹாவ் டு பி தேர்" என்றாள்.

மண்டபத்தின் முன்வரிசையில் அந்தக் காலத்து ஆட்கள். அண்ணனை ஏற்றிப்போன வான் வண்டியில் இருந்தவரும் அவர்களில் ஒருவர். அவர்தான் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு வாய் கூசாமல் சொன்னார்: "முதல் கூட்டத்தில நாங்கள் நாலு பேர்."

மற்ற மூவரின் பெயரையும் தோழர், தோழர் என்று சொல்லி முடித்தார். கைதட்டினார்கள். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலமும் இந்த மனிதரையா ஏற்றி இறக்கினேன் என்று இருந்தது. அண்ணனை இரண்டாம் தரமும் இவர்களே கொன்றார்கள், இம்முறை நான் கூட்டிவந்த ஆளைக் கொண்டு.

ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மகள் தன் காரில் போய்விட்டாள். நான் வழக்கம்போல அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டேன். நானும் ஏறிக் கதவைச் சாத்தியதும் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு பேர்தான் தங்கச்சி. உம்மட அண்ணன் நல்ல தோழர்."

பார்க்கிங்கில், அவர் பக்கத்துக் கதவுக்கு அருகே, முன்வரிசைக்காரர்கள் சிகரெட்டோடு நின்றார்கள். நான் பட்டனை அழுத்தி அவர் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். பனிக்காற்று உள்ளே அடித்தது.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை."

அவர் பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"குளிருது தங்கச்சி. கண்ணாடியை ஏத்தும்."