பின்னாடி யாரு படிக்கிறது?

இதைப் படித்துவிட்டு ‘சும்மா கதை விடாதே’ என்று சொல்ல நினைப்பவர்கள் யமுனாவைத்தான் கேட்க வேண்டும். அவள் இன்றும் திருச்சியில்தான் இருக்கிறாள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் கேலி செய்கிறவளும் அவள்தான். இந்த ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள். நடந்தது 2012, பங்குனி மாதம்.

யமுனாவுக்கு அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்த வீரமலைக்கு ஒரே மகள். அவள் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு வார விடுமுறை முடிந்து அவள் கிளம்பும்போதும் அதே பாட்டுதான்.

“ஏதாவது பிரச்சனைன்னு ஒரு போன் வந்துச்சு, அத்தோட படிப்பு போதும். நானே வந்து கூட்டிட்டு வந்துடுவேன்.”

யமுனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவசர அவசரமாகப் பையை அடுக்கும்போது பீரோவில் ஒரு புதுப் புடவை கண்ணில் பட்டது. கிளிப்பச்சை, மஞ்சள் கரை. சீனியர்களுக்கு வழியனுப்பு விழா வருகிறது, அதற்குத்தான் அம்மா வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். அம்மா தோட்டத்தில் இருந்தாள். கேட்காமலே பையின் அடியில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பஸ்ஸில் சரியான கூட்டம். முத்தரசநல்லூரில் இன்னும் ஏறினார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். யமுனாவுக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை, “உக்காருங்கக்கா” என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் இடத்தைப் பார்த்தாள். யமுனாவைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்... சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நின்றுகொண்டேதான் வந்தாள்.

ஹாஸ்டலுக்கு முக்கால்வாசிப் பேர் இன்னும் திரும்பவில்லை. அறைத்தோழி செல்லக்கிளி மறுநாள் காலையில்தான் மண்ணச்சநல்லூரிலிருந்து வருவாள். அந்த மாடியில் யமுனா மட்டும்தான். பையைத் திறந்தாள். அடியில் வைத்த புடவை மேலே இருந்தது. பஸ் குலுக்கலில் புரண்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைச் செல்லக்கிளியின் கட்டிலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது புடவை மடிப்பு கலைந்திருந்தது. கட்டில் நீளத்துக்கு விரிந்து கிடந்தது. கொசுவம் வைத்திருந்தது. தலைப்பு ஒரு தோளில் போட்டது போல மேலேறிக் கிடந்தது. ஆள்தான் இல்லை.

ஜன்னல் மூடியிருந்தது. ஃபேன் ஓடவில்லை. அறை முழுக்க சாம்பிராணி வாசனை...

போனை எடுத்து அப்பாவின் எண்ணைப் போட்டாள். மணி அடிப்பதற்குள் அணைத்துவிட்டாள். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா வண்டியெடுத்து வந்துவிடுவார். அத்தோடு படிப்பு முடிந்தது.

இரவு சரியாக 7.40. அப்பாவே கூப்பிட்டார்.

“சாப்பிட்டியா?”

“ம்... சாப்பிட்டேம்ப்பா.”

“கூட யாரு இருக்கா?”

“செல்லக்கிளி வந்துட்டாப்பா.” பொய்தான். வேறு என்ன சொல்வது?

அந்தப் பக்கம் அப்பா டிவியை அணைப்பது கேட்டது.

“பின்னாடி யாரு படிக்கிறது?”

அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

“அதான்ப்பா... செல்லக்கிளி.”

“இல்ல.”

அப்பாவின் குரல் மாறியிருந்தது. சின்னப் பையனின் குரல் மாதிரி.

“போனை அவகிட்ட குடும்மா.”

“அப்பா...?”

“குடும்மா.”

யமுனா மெல்லத் திரும்பினாள். கட்டிலை நோக்கி போனை நீட்டினாள்.

புடவைத் தலைப்பு... அசைந்தது.

போனுக்குள் அப்பா அழுதார்.

“அக்கா...”

லைன் போய்விட்டது.

விடிகிற வரை யமுனா அறைக்கு வெளியே, வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸிலேயே அப்பா வந்துவிட்டார். ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். கேட்டில் நின்று புடவையை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை.

“எந்த ரூமு?” என்று மட்டும் கேட்டார். அவள் காட்டிய ஜன்னலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “நல்லாப் படிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதுவரை அவளை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை.

மீதியை அம்மாதான் போனில் சொன்னாள். அந்தப் புடவை பூவாடைக்காரிக்கு எடுத்ததாம். கல்யாணம் ஆகாமல் இறந்த வீட்டுப் பெண்ணை அப்படிச் சொல்லித்தான் வருஷா வருஷம் பங்குனியில் படையல் போடுவார்கள். யமுனாவும் சின்ன வயதிலிருந்து கும்பிட்டிருக்கிறாள். அது யாரென்று யாரும் சொன்னதில்லை.

“உங்கப்பாவோட அக்காடி. ஆனந்தவள்ளி. அதே காலேஜு, அதே ஹாஸ்டலு. லீவுக்கு வந்த எடத்துல காய்ச்சல். போகணும் போகணும்னு பொலம்பிக்கிட்டே, காலேஜ் தொறக்குற அன்னிக்குக் காலைல போயிட்டா. ராத்திரி அவ சத்தம் போட்டுப் படிச்சாத்தான் உங்கப்பாவுக்குத் தூக்கமே வருமாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை புடவையை வைத்துப் படையல் போட்டார்கள். யமுனா போகவில்லை. மறுநாள் அம்மா கூப்பிட்டாள்.

“வருஷா வருஷம் ஆனந்தவள்ளி உங்க பெரியம்மா மேல எறங்கி எல்லாருக்கும் வாக்கு சொல்லுவா. இந்தத் தடவ விடிய விடியக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. அவ வரவே இல்லடி.”

யமுனா எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். செல்லக்கிளி வகுப்புக்குப் போயிருந்தாள்.

“பரீட்சை வருதுல்லம்மா,” என்றாள். “முடிச்சிட்டு வருவாங்க.”