நாலாவது ஆளுக்கு இடம்

மூன்று பேருக்கென்று போட்ட சீட்டில் நாலாவது ஆளாக உட்காருவது எப்படி என்று மும்பை லோக்கலில் போய்வருகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ‘தோடா சர்கோ’, கொஞ்சம் நகருங்கள் என்று கேட்டால் மூன்று பேரும் முனகிக்கொண்டே நகர்வார்கள். கிடைக்கிற விளிம்பில் ஒரு தொடையை வைத்து, மறுகாலைத் தரையில் ஊன்றியபடி ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். நான் முலுண்டில் லேடீஸ் பெட்டியில் ஏறும்போது அந்த விளிம்பை எனக்காகப் பிடித்துவைத்திருப்பாள், கல்யாணிலிருந்து வரும் அக்கா. உடன்பிறந்தவள் இல்லை, ரயிலில் கிடைத்தவள். தாராவியில் பிறந்து வளர்ந்து கல்யாணுக்கு வாக்கப்பட்டுப் போனவள். வாயைத் திறந்தால் மட்டும் அசல் திருநெல்வேலி.

இருவருக்கும் வேலை மாட்டுங்காவில், வேறு வேறு ஆபீஸ். அவள் கணவர் அங்கே கிளார்க்காக இருந்து, திடீரென்று போய்விட்டார். வாரிசு வேலை என்று அதே ஆபீஸில் அக்காவைப் பியூனாக எடுத்துக்கொண்டார்கள். ஃபைல் எடுத்துக் கொடுப்பதும் மேசை மேசையாக டீ வைப்பதும்தான் வேலை. ஒருநாள் ரயில் பாண்டுப்பைத் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “அவுக உக்காந்திருந்த மேசைக்கும் நான்தாம்ளா டீ கொண்டு வைக்கேன்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளார்க் ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. அக்கா ஒருமுறை எழுதித் தோற்றிருந்தாள். இங்கிலீஷ் தேறிவிட்டது, காலை வாரியது கணக்கு, அதிலும் பின்னக் கணக்கு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவார்களாம். இதென்ன பிரமாதம் என்று நான் வாத்தியார் வேஷம் கட்டினேன்.

கீழே இருக்கிற பகுதி ஒன்றாக இருந்தால் அக்காவுக்குத் தகராறே இல்லை. ஐந்தில் ஒன்றும் ஐந்தில் இரண்டும் ஐந்தில் மூன்று என்று போட்டுத் தள்ளுவாள். பகுதி வேறானால்தான் வம்பு. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஏழில் இரண்டு என்பாள். தப்பு என்றேன். ஏன் தப்பு என்றாள். குறுக்கே பெருக்க வேண்டும் என்று பள்ளியில் உருப்போட்டதை ஒப்பித்தேன். “அது வழி. நான் காரணத்தக் கேக்கேன்,” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரணம் தெரிந்திருந்தால் வந்திருக்காது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒரு காலையில் எதிர்ச் சீட்டில் மூன்று பேர் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார்கள். அதே நீளமுள்ள சீட்டில் இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். சட்டென்று பொறி தட்டியது. எதிரே ஓரத்தில் இருக்கிற அம்மாவையும் உங்களையும் சேர்த்தால் ஏழு பேரில் இரண்டு பேர்தான், ஆனால் கணக்கு தலையை எண்ணச் சொல்லவில்லை, பிடித்திருக்கிற இடத்தைக் கேட்கிறது என்றேன். அந்த அம்மாவின் இடமும் உங்கள் இடமும் ஒரே அளவா? அக்கா எதிரே இருந்தவளை ஒரு பார்வை அளந்துவிட்டு, “அவ மகராசியால்லா இருக்கா,” என்றாள். அளவு வேறாக இருப்பதை அப்படியே கூட்ட முடியாது. சீட்டைப் பன்னிரண்டு சின்னத் துண்டாக நினைத்துக்கொண்டால், மூன்று பேர் சீட்டில் ஆளுக்கு நாலு துண்டு, நாலு பேர் சீட்டில் ஆளுக்கு மூன்று. நாலும் மூன்றும் ஏழு. ஆகவே பன்னிரண்டில் ஏழு. அக்கா முழங்காலில் விரலால் கோடு போட்டுப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

கழித்தலை அவளே போட்டாள். மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று போனால் மிச்சம் பன்னிரண்டில் ஒன்று. நாலாவது ஆள் வரும்போது ஒவ்வொருத்தியும் விட்டுக்கொடுப்பது அந்த ஒரு துண்டைத்தான். மூன்று பேர் விட்டது சேர்ந்தால் வந்தவளுக்கு முழு இடம். “இம்புட்டுத்தானா? இதுக்கா இந்த முனங்கு முனங்குதாளுவ?” என்றாள். பக்கத்து மராட்டிக்காரி என்னவென்று விசாரிக்க, அக்கா தன் தாராவி ஹிந்தியில் கணக்கு முழுவதையும் அவளுக்கு விளக்கினாள். தேறிவிடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

தேறினாள். செம்பூர் ஆபீஸில் கிளார்க் வேலை. வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டாள். சந்தோஷம்தான், ஆனாலும் அவள் இல்லாத முதல் நாள் ரயிலில் நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலமே போன் செய்தாள். அங்கே பியூன் ஒரு வயதானவராம். மேசைக்கு டீ கொண்டுவந்தாராம். “நான் பட்டுன்னு எந்திச்சு நின்னுட்டேம்ளா. உக்காந்துக்கிட்டு வாங்க வரல.” போகப் போகப் பழகிவிடும் அக்கா என்றேன்.

“பழகவே வேண்டாம்ளா,” என்றாள்.

வருஷங்கள் கழித்துப் போன மாதம் செம்பூர்ப் பக்கம் போனவள் அவளைப் பார்க்க ஆபீஸுக்கே போனேன். தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறாள், ஹெட் கிளார்க் என்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பியூன் அம்மா இரண்டு டீ கொண்டுவந்தாள். அக்கா பேச்சை விடாமலே எழுந்து நின்று வாங்கினாள். நானும் எழுந்தேன்.