மேலே யார் இருக்கிறார்கள்

அம்பர்கிரீஸ் கடத்திப் பிடிபட்டார்கள் என்று செய்தியில் வருமே, அந்தச் சரக்கு ஊறுவது பெருந்தலைத் திமிங்கலத்தின் குடலில். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். கணவாய் தேடி வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு முங்கும். ஒரு மணி நேரம்கூட மூச்சை அடக்கும். கன்றால் அது முடியாது. அதனால் தாய்கள் எல்லாம் ஒன்றாக முங்குவதில்லை. ஒன்று இறங்கினால் இன்னொன்று மேலே, கன்றின் பக்கத்தில். பெறாதவளும் பால் கொடுப்பாள். கொலைத் திமிங்கலம் வந்தால் கன்றை நடுவில் விட்டு வட்டம் கட்டிக்கொள்வார்கள்.

கொஞ்ச காலமாக எனக்கு இந்தப் பித்து. பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்தவனுக்குக் கடல் ஏன் வந்து ஒட்டியது, தெரியவில்லை. ஷூ கம்பெனிக்குப் போகும் மகளிடம் சொன்னேன்.

"நாங்களும் அதான பண்றோம் நைனா. இன்னா, அதுங்களுக்கு சூப்பர்வைசர் இல்ல. குடுத்து வெச்சதுங்க."

எங்கள் தெருவில் என் மகளும் இன்னும் சில கைக்குழந்தைக்காரிகளும் சூப்பர்வைசரைக் கெஞ்சி வார ஆஃபை ஆளுக்கொரு நாளாக வாங்கியிருந்தார்கள். யாருக்கு ஆஃபோ, பிள்ளைகள் எல்லாம் அன்று அவள் வீட்டில். விடியுமுன் சாத்திய கதவைத் தள்ளி, இருட்டிலேயே தூளியில் கிடத்திவிட்டு வர வேண்டும். பேசக் கூடாது. பிள்ளை விழித்தால் கம்பெனி பஸ் போய்விடும்.

திமிங்கலங்கள் முங்குமுன் டிக் டிக்கென்று ஏதோ சொல்லிக்கொள்கின்றன. என்னவென்று யாருக்கும் புரிந்தபாடில்லை. சொல்லிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அன்று எதிர்வீட்டு அக்காவின் முறை. ஷிப்மென்ட் அவசரம், வந்தே ஆகணும் என்று முந்தின ராத்திரி கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவள் வேறொருத்தியிடம் முறையை மாற்றிக்கொண்டு எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டாள். பிள்ளை தூங்கட்டும் என்று என் மகள் போனை அமர்த்தி வைத்திருந்தாள். அக்கா கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு, தன் பிள்ளையை மாற்று வீட்டில் விட்டு அப்படியே பஸ்ஸுக்குப் போயிருந்தாள். மகள் எப்போதும்போல முதல் ஆளாகப் போனாள், தூளியில் போட்டாள், வந்துவிட்டாள்.

பஸ் மாதனூர் தாண்டியதும் பின்சீட்டில் அக்காவின் குரல் கேட்டு மகள் திரும்பியிருக்கிறாள்.

"அக்கா, நீ இங்க இன்னா பண்றே?"

நான் ஆம்பூர் போக ஸ்டாப்பில் நின்றிருந்தேன். போனில் அவள் அழவில்லை. "ஓடு நைனா" என்றாள்.

ஓடினேன். எதிர்வீட்டுக் கதவைத் தள்ளியதும் சத்தமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. தூளி முறுக்கிக்கொண்டு கிடந்தது. துணிக்கு வெளியே ஒரு கால். பிரித்தபோது முகம் கருத்து, வாய் திறந்திருந்தது. தோளில் போட்டு முதுகைத் தட்டினேன். எங்கிருந்தோ மேலே வந்ததுபோல ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் குரல் கம்மிய அழுகை.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய மகளின் யூனிஃபார்ம் மார்பில் நனைந்திருந்தது. பிள்ளை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு குடித்தது. போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லாகீறான்க்கா," என்றாள் மகள், பிள்ளையின் தலையைத் தடவியபடி. "நாளைக்கு யாருக்கு ஆஃப்?"