கிளியனூர்க் குட்டையில் நாக்கில்லாத் தவளை

மீன்குஞ்சு விடுகிற உத்தியோகத்தில், தண்ணீரில் எது செத்தாலும் எது முளைத்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் ஃபீல்டுமேன்தான். ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து, மேலதிகாரிக்கும் ஊர்க்காரருக்கும் நடுவில் நசுங்கிய எவருக்கும் இது புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் நான் அந்த வேலையில் இருந்தேன். ஒரு புரட்டாசி மாதம் முழுக்க மீனை விட்டுவிட்டுத் தவளை தேடி அலைந்தேன்.

டின்னில் வந்ததா?

கிளியனூர் பக்கத்தில் ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் முனுசாமி. நான் விட்ட கெண்டைக் குஞ்சுகள் தேறவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். போனதும் வலையை இழுத்துக் காட்டினார். குஞ்சுகள் இருபதுகூட இல்லை. நடுவே ஒரு தவளை. தட்டையான உடம்பு, இமையில்லாத சின்னக் கண்கள், பின்கால் விரல்களில் கறுப்பு நகம். குச்சியால் வாயைத் திறந்தேன், நாக்கே இல்லை. கரையில் விட்டால் தாவத் தெரியாமல் தண்ணீரைப் பார்த்தே நகர்ந்தது.

 அரசு மீன்பண்ணையிலிருந்து டின்னில் வந்த குஞ்சுகளை இந்தக் குட்டையோடு சேர்த்துத் திண்டிவனத்தைச் சுற்றி ஒன்பது இடங்களில் விட்டிருந்தேன். டின்னோடு இதுவும் வந்திருந்தால் ஒன்பதிலும் இருக்கும். ஐப்பசி மழையில் ஏரிகள் நிரம்பி வழிந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிறகு யாராலும் தடுக்க முடியாது. முனுசாமிக்குச் சந்தேகமே இல்லை. கோபப்படாமல்தான் சொன்னார்: "இதுக்கு முன்ன இந்தத் தண்ணியில இது இல்லீங்க. நீங்க டின்னை ஊத்தினப்புறம்தான் இருக்குது."

வாத்தியாரும் ஜாடியும்

மற்ற எட்டு இடங்களிலும் பத்து நாள் வலை போட்டுப் பார்த்தேன். எங்கும் இல்லை. அப்படியானால் டின்னில் வரவில்லை. பிறகு எப்படி வந்தது? தவளையை ஜாடியில் போட்டுக்கொண்டு, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒரு வாத்தியாரிடம் போனேன். அவர் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆப்பிரிக்காவில் இருக்கிற ஜாதியாம். பெண்களின் சிறுநீரை இதற்கு ஊசி போட்டால், அவர்கள் கர்ப்பமாக இருந்தால் மறுநாளுக்குள் முட்டை போடுமாம். அதற்காகச் சில ஆஸ்பத்திரிகளில் வளர்ப்பார்களாம்.

என் தலையிலிருந்து பாரம் இறங்கியது. நன்றி சொல்லிக் கிளம்பியவனை அவர் வாசலில் நிறுத்தினார். "இதோட குஞ்சுக்கு மீசை இருக்கும், தம்பி. பார்க்கக் கெளுத்திக் குஞ்சு மாதிரியே இருக்கும். கெளுத்தின்னு நெனச்சு யாராவது அள்ளிக்கினு போனாங்களான்னு முதல்ல விசாரி."

பெருமுக்கல் கிணறு

விசாரித்தேன். ஆவணியில் குட்டையில் கண்ணாடி மாதிரி கெளுத்திக் குஞ்சு நிறைய மேய்ந்ததாகவும், பெருமுக்கல்லில் இருக்கும் தன் மச்சான் ஒரு பானை நிறைய அள்ளிப் போனதாகவும் முனுசாமி சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குப் பெருமுக்கல்வரை நான் மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும். வழியில் பார்த்த ஒவ்வொரு வாய்க்காலும் நிரம்பி ஓடுவதுபோலவே தோன்றியது.

மச்சான் கோவிந்தன் பானையைத் தன் கிணற்றில்தான் கவிழ்த்திருந்தார். அரைநாள் கிணற்றுக்குள் வலையை இறக்கி ஏற்றினேன். எதுவும் சிக்கவில்லை. அவர் ஒரு செம்பு மோர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "உள்ள ஒரு பெரிய விரால் இருக்குதுங்க. கெளுத்தியா தவளையான்னு அதுக்குப் பார்க்கத் தெரியாது. ரெண்டே நாளு, எல்லாம் காலி."

நல்ல சேதி

இந்தத் தவளையை வளர்த்த ஆஸ்பத்திரி எது என்று விசாரித்தபோது, பாண்டி ரோட்டில் ஒரு தனியார் பிரசவ விடுதி இருந்ததாகவும், டாக்டர் வெளிநாடு போனதும் அதை மூடிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அங்கே சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஆரோக்கியசாமி கிளியனூரிலேயே இருந்தார். ஜாடியைப் பார்த்ததும் மனைவியை உள்ளே போகச் சொன்னார். மறைக்கவில்லை. போகும்போது தவளைகள் எல்லாவற்றையும் கொன்று புதைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இவர் ஆணும் பெண்ணுமாகப் பதினொன்றைக் கொண்டுபோய்க் குட்டையில் விட்டுவிட்டார்.

எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டீர்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "பத்து வருஷமா புள்ள இல்லீங்க எங்களுக்கு. உண்டாயிருக்குதுன்னு மொதல்ல சொன்னது அதுங்கதான். எப்படிங்க கொல்லுவேன்?"

எண்ணிக்கை

மழைக்கு முன்னால் குட்டையை வற்ற வைக்கச் சொல்லி விழுப்புரத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்த வருஷ மீன் போயிற்று என்று தெரிந்தும் முனுசாமி சம்மதித்தார். ஆயில் இன்ஜின் வைத்து, குழாய் வாயில் கொசுவலை கட்டி, மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கொல்லையில் தண்ணீரைப் பாய்ச்சினோம். வலைக்குத் தப்பிய தவளைப் பொடிக்குஞ்சுகள் கொல்லை வெயிலில் காய்ந்தன. ஆரோக்கியசாமி, யாரும் கூப்பிடாமலே வந்து சேற்றில் இறங்கினார். ஒவ்வொன்றாகத் தடவிப் பிடித்து என் வாளியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜாடியில் இருந்ததோடு சேர்த்துப் பெரியவை பத்து கிடைத்தன. பதினோராவதற்காக மூன்று பேரும் சாயங்காலம்வரை சேற்றைக் கிளறினோம். கொக்கு தின்றிருக்கலாம். தானாகவே செத்திருக்கலாம். வரப்பு தாண்டிப் போயிருக்கவும் கூடும். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கரையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற முனுசாமி எனக்குத் தைரியம் சொன்னார்: "ஒண்ணுதானேங்க. ஜோடியில்லாம அது இன்னா பண்ணும்?"

'பரவவில்லை' என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். பஸ் போகும் வழியில் எந்தக் குட்டை வந்தாலும் இன்றுவரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவனும் நானேதான்.