ஒரே எண்ணில் ஆறு பேர்

வாப்பா மவுத்தான பிறகு துக்கம் கேட்டு உம்மாவின் கைப்பேசிக்கு ஓயாமல் அழைப்புகள் வந்தன. திரையில் வெறும் எண்தான் தெரியும். உம்மா எடுத்து, தெரிந்தவர் போலவே பேசிவிட்டு, வைத்த பிறகு என்னைப் பார்த்து விழிப்பார். பெரியபட்டினத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் பிறகு எதற்கு இருக்கிறாள்?

உம்மாவின் பழைய டெலிபோன் டைரியை முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றினேன். பெயர் கீ, அதாவது தேடும் சாவி; எண் அதில் கிடைக்கும் வேல்யூ. பெயரைக் கொடுத்தால் எண் வரும். எனக்கு வேண்டியது தலைகீழ்: எண்ணைக் கொடுத்தால் பெயர் வர வேண்டும். இரண்டையும் இடம் மாற்றுவது நாலு வரி நிரல் வேலை. யோசிக்காமல் எழுதி ஓட்டினேன்.

சரிபார்க்க வாப்பாவைத் தேடினேன். இல்லை. டைரியைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே இருக்கிறார், எதிரே அவருடைய சவூதி அறையின் எண். அவருக்குக் கீழே அதே அறையில் இருந்த எங்கள் தெருக்காரர்கள் ஐந்து பேர், அதே எண்ணோடு. ஆறு பேருக்கும் ஒரே போன். எண் கீயானால் அதில் ஒருவர்தான் நிற்க முடியும். அடுத்து வருபவர் முன்னவரை அழித்துவிடுவார். கடைசிப் பெயர் மிஞ்சியது, வாப்பா போய்விட்டார். படிக்கத் தொடங்கியவர்கள் செய்யும் தப்பு இது.

அப்போது எங்கள் தெருவில் போன் இருந்ததும் எங்கள் வீட்டில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அந்த அறையிலிருந்து அழைப்பு வரும். ஐந்து வீட்டுப் பெண்களும் பிள்ளைகளோடு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொருவராகப் பேசி முடித்துக் கடைசியில் வாப்பா வருவார். நான் சாப்பிட்டேனா என்று அவர் கேட்பதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிடும். எனக்கு அப்படிக் கோபம் வரும். எங்கள் வீட்டு போன், எங்களுக்கு மட்டும் மிச்சம் மீதியா? ஒரு வாரம் வீம்புக்கு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டு பேசாமலே இருந்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எண்ணுக்கு எதிரே ஒற்றைப் பெயருக்குப் பதிலாகப் பட்டியல் வைத்தேன். ஆறு பேரும் வந்துவிட்டார்கள். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"வாப்பாவ ஏன் மொதல்ல போட்டுருக்கே?"

டைரியில் நீங்கள் எழுதிய வரிசைதான் என்றேன்.

"அது என் ஆசைக்கு எழுதுனது. அவுக மத்தவுகளப் பேசவிட்டுட்டுத்தான வருவாக. கடைசியில போடு."

ஏற்றியிருந்த டைரியிலேயே அவரைக் கடைசிக்கு நகர்த்தினேன். பிறகு, எதற்கென்று தெரியாமல், அந்தத் தப்பான நாலு வரியை இன்னொரு முறை ஓட்டினேன். அந்த எண்ணில், கடைசியில் வந்த வாப்பா மட்டும் இருந்தார். உம்மாவும் நானும் வெகுநேரம் திரையை அணைக்கவில்லை.